இழுப்பு இல்லாத பிள்ளை

அந்தத் துவக்கு வீட்டுக்குள் வரக் கூடாது. ரயில் ஊர் போய்ச் சேர முதல் இதை மகனிடம் சொல்லிவிட வேண்டும் என்று பரமலிங்கம் முடிவெடுத்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவன் விழித்திருக்க வேண்டுமே. கூட்டிவரப் போன தகப்பனோடு ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் தலையை யன்னல் கண்ணாடியில் சாய்த்து, வாயைப் பிளந்து நித்திரையாகிவிட்டான் அனோஜன். பச்சைப் புள்ளி ஆமி உடுப்பு, கறுப்புச் சப்பாத்து, காலடியில் அழுக்கு உடுப்பு அடைத்த பெரிய பை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடித்த துவக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம். பக்கத்து வரிசையில் ஒரு கிழவி மடியில் நாயை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள், அதற்கங்கால் இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் ஒரே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் அந்தத் துவக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. குடை கொண்டுபோகிறவனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். இந்த நாட்டு வழக்கம் அப்படி. பயிற்சி முடிந்த பிள்ளைகள் துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ளோ கட்டிலுக்குக் கீழோ வைத்துக்கொள்வார்களாம், அடுத்த முறை ஆமி கூப்பிட்டால் தூக்கிக்கொண்டு போவார்களாம். பரமலிங்கம் பிறந்த இடத்தில் துவக்கு அகப்பட்ட வீட்டுக்குக் கூரை மிஞ்சினதில்லை. இவர்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. காலையில் வேலைக்குப் போக முதல் புவனம் வாசலில் நின்று சொல்லிவிட்டாள், “இஞ்சேருங்கோ, பிள்ளை பதினெட்டுக் கிழமை கஸ்ரப்பட்டு முடிச்சு வாறான், வழியில ஒண்டும் கதைச்சுப் போடாதேங்கோ, அரிசி மூட்டைக்குப் பின்னால இடம் ஒதுக்கி வைச்சிருக்கிறன்.” அரிசி மூட்டைக்குப் பின்னால். சோறு எடுக்கிற இடத்தில். இந்தப் பொம்பிளைக்கும் எல்லாம் மறந்துபோய்விட்டது.

கடன் என்று சொன்னவன் இவன்தான். ஆமிக் கடிதம் வந்த அன்று, சோற்றில் கை வைத்தபடி, கொஞ்சங்கூட யோசிக்காமல் சொன்னான்: “அப்பா, இந்த நாடு உங்களுக்கு இடம் தந்தது. ஆராவது ஒராள் திருப்பிச் செய்யவேணும்தானே.” பரமலிங்கம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். திருப்பிச் செய்வதா? யார் யாருக்கு? இருபத்தேழு வருடம் அந்தச் சாப்பாட்டுக் கடையின் நிலத்தடி அறையில் கோப்பை கழுவினவர் யார்? கழுவுகிற மெசினைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற ஆவி, நிமிர்ந்தால் தலை இடிக்கிற கூரை, யன்னல் இல்லை, மழையா வெயிலா என்று மேலேயிருந்து வருகிற பரிமாறுகாரியின் சப்பாத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடக்கைத் தோல் வெந்து உரிந்தபோது முதலாளி மருந்து வாங்கித் தந்தான், உண்மைதான், நல்லவன்தான், ஆனால் இருபத்தேழு வருடத்தில் பெயரை ஒழுங்காகச் சொல்லப் பழகவில்லை, லிங்கோ, லிங்கோ, நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. இவர் இந்த நாட்டு மொழியான டொச் பழகவில்லை என்று எல்லோருக்கும் குறை. யாரோடு பழகுவது, கோப்பையோடா? இடம் தந்தார்களாம். என்ன இடம்? ஒருத்தனும் நிற்க விரும்பாத இடத்தில் நிற்க விட்டார்கள். அந்தக் கணக்கு அன்றாடம் அன்றாடம் தீர்ந்துபோன கணக்கு, ஒரு கோப்பை மிச்சமில்லை, இவன் யார் அதைத் திரும்பத் திறப்பதற்கு? அன்றைக்கும் இப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “சாப்பிடு” என்று மட்டும் சொன்னார். பிறகு ஊரில் ஒருத்தரும் விடவில்லை. தமிழ்க்கடையில் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே கடைக்காரச் செல்வம் கேட்டான், “அண்ணை, உங்கட பெடி ஆமியாமே? ஆமிக்குப் பயந்து ஓடி வந்து இஞ்ச ஒரு ஆமியைப் பெத்திருக்கிறியள்.” கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். முருங்கைக்காயை அப்படியே வைத்துவிட்டு வந்தவர்தான். அதற்குப் பிறகு அந்தக் கடைப் படி மிதிக்கவில்லை. அரிசியைக்கூட இரண்டு ரயில் மாறிப் போய்த்தான் வாங்குகிறார். பரமலிங்கம் ஒன்றை மறக்காவிட்டால் மறக்காததுதான்.

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்தது. கண்ணாடியில் மகனுடைய முகம் இரண்டாகத் தெரிந்தது, பிளந்த வாய், மேலுதட்டில் இன்னும் அடர்த்தியாகாத மீசை. பரமலிங்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இந்த வாயை அவருக்குத் தெரியும். இப்படித்தான் காந்தனும் நித்திரை கொள்வான். அவருடைய தம்பி, பதினேழு வயது, பாயில் படுத்தால் ஊரே எரிந்தாலும் எழும்ப மாட்டான். இயக்கப் பெடியள் வீடு வீடாக வந்து வீட்டுக்கு ஒராள் கேட்ட காலம் அது. இரண்டு பெடியள் வந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள், ஒருவன் கையில் கொப்பி. உங்கட தம்பி ஒருத்தர் இருக்கிறாராமே. ஐயா செத்துப்போன வீடு, அம்மா அடுப்படியில், பதில் சொல்ல வேண்டியவர் இவர்தான், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர், நாக்கு தன்பாட்டில் சொல்லிவிட்டது, அவனுக்கு வலிப்பு. சொல்வதற்கு ஒரு நொடி முதல்கூட அப்படிச் சொல்லப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. சின்னனிலிருந்து இருக்குது, விழுந்து வாயில் நுரை தள்ளும், துவக்குப் பிடிக்கேலாது. அந்தப் பெடியன் கொப்பியில் எழுதிக்கொண்டான். நல்ல காரியம் செய்தோம் என்றுதான் இருந்தது. ஆனால் காந்தன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் அவனோடு படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கதை போய்விட்டது, அவன் போகிற வழியில் ஒருவன் கையைக் காலை உதறி விழுந்து காட்டினான், மற்றவர்கள் கை தட்டினார்கள். பதினொரு நாள் அவன் அண்ணனோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் பாய் சுருட்டி வைத்திருந்தது. தானாகத்தான் போனான், ஒருத்தரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. வலிப்பு இல்லை என்று காட்டுவதற்குப் போனான். அவ்வளவுதான், பிறகு ஒரு கடிதம், பிறகு ஒன்றுமில்லை, உடம்புகூட வரவில்லை. எத்தனையோ வருடம் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால்? அப்போதும் போயிருப்பான். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? தம்பியே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதையும் பிறகு சொன்னார். இந்த நாட்டுக்கு வந்து அகதி விசாரணையில் இருந்தபோது விசாரித்த அதிகாரி அம்மா கேட்டாள், சகோதரர்கள் யாராவது இயக்கத்தில் இருந்தார்களா என்று, மொழிபெயர்க்கிறவன் தமிழில் திருப்பிக் கேட்டான், இவர் சொன்னார், எனக்குச் சகோதரர் இல்லை, நான் தனிப்பிள்ளை. தட்டச்சு மெசின் டக் டக்கென்று அடித்தது. அடித்தது அடித்ததுதான். அன்றோடு காந்தன் பிறக்கவே இல்லை. புவனத்துக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொல்லவில்லை, பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டால் விசா போய்விடும் என்று பயம், பிறகு பயம் போனது, சொல்லாமலிருக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

சுரங்கம் முடிந்து வெளிச்சம் முகத்தில் அடித்தது. அனோஜன் அசையவில்லை. சரி, இரண்டு முறை பொய் சொன்ன வாய். மூன்றாம் முறை சொன்னதற்குத்தான் இவர்கள் தண்டித்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. குடும்பமாகப் பிரசாவுரிமை கேட்டு எழுதிப் போட்டு, ஊராட்சிக் கந்தோரின் மேல்மாடியில் விசாரணை, மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். புதுச் சேர்ட்டு, புவனம் இஸ்திரி போட்டது, கழுத்தில் உராய்ந்தது. ஏரிகளின் பெயர் கேட்டார்கள், சொன்னார். குப்பையை எந்தெந்த நாள் எப்படிப் பிரித்துப் போடுவது என்று கேட்டார்கள், அதையும் சொன்னார், குப்பை பற்றி இவருக்குத் தெரியாதது அவர்களுக்கும் தெரியாது. கடைசியாக நடுவில் இருந்த கெர்பர் பேனையை மூடி வைத்துவிட்டுச் சும்மா கதைக்கிற மாதிரிக் கேட்டார், உங்கள் மகன் பெரியவனானதும் எங்கள் ஆமியில் சந்தோஷமாகச் சேர்வானா? அனோஜனுக்கு அப்போது பதினொரு வயது. மேசை, தாள், பேனை, பழையபடி அதே கேள்வி, உங்கட வீட்டில் ஒரு பெடியன் இருக்கிறானாமே. பரமலிங்கத்தின் நாக்கு தன்பாட்டில் சொன்னது, இல்லை, அவனுக்கு இழுப்பு, மூச்சு வராது, ஓட மாட்டான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏனென்றால் கெர்பர்தான் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறவர். கெர்பர் மெதுவாகச் சொன்னார், உங்கள் மகன் போன சனிக்கிழமை மூன்று கோல் அடித்தவன். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது, இந்தச் சமூகத்தோடு போதிய அளவு சேர்ந்து வாழவில்லை, நம்பகம் இல்லை. மகனுக்குச் சொன்னது வேறு, அப்பாவின் டொச் காணாதாம் என்று. அதுவும் பொய்தான், நாலாவது. ஒன்பது வருடமாக அந்தக் கெர்பர் வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் ஸ்டேசனுக்கு எதிரே பாண் கடை வாசல் வாங்கில் உட்கார்ந்திருப்பார், ஒன்பது வருடமாகப் பரமலிங்கம் தெருவின் மற்றப் பக்கத்தால்தான் நடக்கிறார். கெர்பருக்கு முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வசனம் வைத்திருந்தார். டொச்சில் நல்லாகத் திருத்தித் திருத்தி, கோப்பை கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினது. இவரை வேண்டாமென்றவர்கள், பதினெட்டு வயதில் மகன் தனியாகப் பிரசாவுரிமை கேட்டு எழுதிப் போட்டதும் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தகப்பன் வேண்டாம், பிள்ளை வேண்டும். கடன் என்கிறான் மடையன்.

“அப்பா.” விழித்துவிட்டான். கண்ணைக் கசக்கினான். “நான் ரொய்லெட்டுக்குப் போட்டு வாறன். இதைப் பிடியுங்கோ.”

“எதை?”

“இதைத்தான். அங்கை கொண்டுபோகேலாது, இடம் காணாது. கையை விடாதேங்கோ என்ன, ஆக்களிட்டை குடுக்கக் கூடாது.”

இவர் வாய் திறக்க முதல் துவக்கை இவருடைய முழங்காலில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். பரமலிங்கம் அதைப் பிடித்தார். நினைத்ததைவிடப் பாரம் குறைவு. மனித உடம்புச் சூடு இருந்தது, மகன் கை பிடித்த இடத்தில். இவ்வளவு காலம் தப்பி, எத்தனை சோதனைச் சாவடியில் கையைத் தூக்கி நின்று, கடல் கடந்து, வயது அறுபதில் துவக்கும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைக்கச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் நாய்க் கிழவி எழும்பினாள். இறங்க இன்னும் ஸ்டேசன் வரவில்லை, நாயை மார்போடு அணைத்துக்கொண்டு, இவரைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். பொம்பிளைப் பிள்ளைகள் போனை அணைத்துவிட்டார்கள். முக்கால் மணித்தியாலம் அந்தத் துவக்கு குடையாக இருந்தது. இந்த முகத்துக்குக் கீழே, இந்தப் பழைய ஜாக்கெட்டுக்கு மேலே வந்ததும் துவக்காகிவிட்டது. பரமலிங்கத்துக்குக் காது சுட்டது. போ, போய்ச் சொல்லு. கிழவி போன வேகத்தில் ரிக்கற் பார்க்கிறவர் வந்தார், இளவயது, கை இரண்டையும் வயிற்றுக்கு முன்னால் விரித்து வைத்திருந்தார், பயந்த குதிரைக்குக் கிட்டப் போகிறவன் மாதிரி.

“ஐயா, வணக்கம். இது யாருடையது?”

“மகன்.”

“உங்கள் மகன் எங்கே?”

உங்கள் மகன் எங்கே. தொண்டைக்குழியில் அந்தப் பழைய ஆள் எழும்பிவிட்டான். மகன் இல்லை. எனக்குப் பிள்ளையே இல்லை. அவனுக்கு வலிப்பு, இழுப்பு, அவன் வெளிநாட்டில், அவன் செத்துப்போனான், எதை வேண்டுமானாலும் சொல்லு, உத்தியோக உடுப்போடு நிற்கிறவனுக்குப் பிள்ளையைக் காட்டிக் கொடுக்காதே. நாக்கு தன்பாட்டில் கிளம்பப் பார்த்தது. பரமலிங்கம் அதைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். “மகன் இருக்கிறான்,” என்றார் டொச்சில். “ஆமி. உங்கட ஆமி. இப்ப ரொய்லெட். வருவான்.”

அந்த இளவயதுக்காரர் நம்பவில்லை, போகவும் இல்லை. இரண்டு பேரும் கழிவறைக் கதவின் சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது பச்சையாகி, அனோஜன் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் ரிக்கற்காரரின் முகம் அவிழ்ந்தது. அவனோடு ஏதோ சொல்லிச் சிரித்தார், தோளைத் தட்டினார். கிழவிமார் பயப்படுகிறார்கள் என்று சொல்லியிருப்பார். அனோஜன் சிரிக்கவில்லை. “இவர் என் அப்பா. நான்தான் பிடிக்கச் சொன்னேன். இவரிடம் மன்னிப்புக் கேளுங்கள்,” என்றான். அவர் கேட்டார். பரமலிங்கம் யன்னலைப் பார்த்தார். மன்னிப்பு வேண்டாம். போ.

“பயந்திட்டியளோ?” மகன் உட்கார்ந்தான். “அது சுடாதப்பா. சுடுற சாமான் கழட்டி என்ர பையுக்குள்ள இருக்குது.”

“அப்ப வெறும் இரும்பையோ நான் காவல் காத்தனான்?”

“நல்லாத்தான் காத்தியள்.”

“அது வீட்டுக்குள்ள வராது.” வந்துவிட்டது. இவ்வளவு நேரம் வராதது ஒரே மூச்சில் வந்துவிட்டது. “கொம்மா சொல்லுவா அரிசி மூட்டைக்குப் பின்னால எண்டு. வராது. நான் இருக்கிற வீட்டில துவக்கு இருக்காது.”

அனோஜன் தலையை ஆட்டினான். சண்டை பிடிப்பான் என்றுதான் இவர் இருந்தார். “சரி. ஆமிக் களஞ்சியத்தில குடுத்து வைக்கலாம், திங்கள் போறன். ஏன் எண்டு கேட்டால் என்ன சொல்ல? அப்பாவுக்கு இழுப்பு எண்டு சொல்லட்டோ?”

ரயில் ஒரு பாலத்தின் மேல் போனது. கீழே ஆறு. பரமலிங்கம் ஆற்றைப் பார்த்து முடித்தார், பாலத்தைப் பார்த்து முடித்தார். “ஆர் சொன்னது?”

“கெர்பர். எனக்குப் பதினாலு வயசிருக்கும், பகிடியாச் சொன்னவர். இழுப்புக்காரன் நல்லா ஓடுறான் எண்டு.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் சொல்லேல்லைத்தானே.” அவன் துவக்கின் வாரைச் சுற்றி இறுக்கினான். “ஆமி டாக்குத்தரும் கேட்டவர், இழுப்பு இருக்கோ எண்டு. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.”

“ஓம் எண்டு சொல்லியிருந்தால் விட்டிருப்பாங்கள்.”

“விட்டிருப்பாங்கள்.”

“சொல்லியிருக்கலாம்தானே.” கேட்கும்போதே பதினொரு நாள் பேசாத ஒருவன் கதவுக்குப் பின்னால் நிற்கிறான், வெட்கத்துக்குப் போகிறவன், அண்ணன் சொன்ன பொய்யை அழிக்கப் போகிறவன், இவனும் அப்படித்தானா, இரண்டாவது பிள்ளையையும் என்னுடைய நாக்கா அனுப்பினது?

அனோஜன் அவரை விநோதமாகப் பார்த்தான். “எனக்கு இழுப்பு இல்லையேயப்பா,” என்றான்.

அவ்வளவுதான் காரணம். ஆமி உடுப்புப் போட்ட ஒருவன் கேட்டான், இல்லாததை இவன் இல்லை என்றான். யாருக்கும் எதையும் காட்டுவதற்கு இல்லை. அது இவ்வளவு லேசான காரியமா? பரமலிங்கத்துக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பயலுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது, தெரியாமல் வளர்த்தது யார், நிலத்தடியில் நின்றவர் யார், இதைக் கொடுத்தது இந்த நாடு என்கிறான், கடன் என்கிறான். ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையை அழுக்கு உடுப்போடு தாயிடம் திருப்பி அனுப்புகிற ஆமியும் ஒரு ஆமியா? இன்றைக்கு முதல் பதினேழு வெள்ளிக்கிழமை. பதினேழு முறையும் புவனம் மெசினில் போட்டுத் தோய்த்தாள். பதினேழு முறையும் இவர் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்வரை ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை. அங்கே ஒரு முறை, ஒரேயொரு முறை, காந்தனின் ஒரு அழுக்குச் சேர்ட்டாவது திரும்பி வந்திருந்தால். இவர்களிடம் இது இருக்கிறது என்பதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஊர் வந்தது. இறங்கினார்கள். அனோஜன் வழக்கம்போலத் தெருவின் மற்றப் பக்கம் திரும்பினான், அப்பா எந்தப் பக்கத்தால் நடப்பார் என்று அவனுக்குத் தெரியும். பரமலிங்கம் திரும்பவில்லை. நேரே போனார். பாண் கடை வாசல் வாங்கில் கெர்பர், மடியில் கடுதாசிப் பை, தலைமயிர் எல்லாம் நரைத்துப்போய். உடுப்பைக் கண்டதும் எழும்பிவிட்டார், கையை நீட்டிக்கொண்டு வந்தார், “அனோஜன், மூன்று கோல்காரா,” என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு இவர் பக்கம் திரும்பி, “பெருமையாக இருக்குமே உங்களுக்கு,” என்றார்.

“அவனுக்கு இழுப்பு இல்லை,” என்றார் பரமலிங்கம்.

கெர்பரின் சிரிப்பு நின்றது. “தெரியும்.”

“நான் பொய் சொன்னேன். நீங்கள் மூன்று பேர். சுகமான பிள்ளையை ஒரு தகப்பன் ஏன் வருத்தக்காரன் என்கிறான் என்று மூன்று பேரில் ஒருத்தர் கேட்கவில்லை. கடிதம் எழுதினீர்கள்.” சொற்கள் முன்பின்னாகத்தான் விழுந்தன, குரல் உயரவில்லை, ஆனால் ஒரு சொல் மிச்சம் விடாமல் சொல்லி முடித்தார். ஒன்பது வருடத்து வசனம் தீர்ந்துபோனது.

கெர்பர் கடுதாசிப் பையை வாங்கில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, “ஏன்?” என்று கேட்டார்.

இதற்கு வசனம் தயாராக இல்லை. அந்த மனிதன் கேட்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்ப கேட்டு என்ன, பிந்திவிட்டது என்று சொல்லிவிட்டு நடக்கலாம், அதற்கு உரிமை இருந்தது, கால் ஒன்று திரும்பியும்விட்டது. அப்போது அனோஜன் தோளிலிருந்த அழுக்கு உடுப்புப் பையை மெதுவாக நிலத்தில் இறக்கி வைத்தான், நிற்கப் போகிறவன் மாதிரி.

“எனக்கு ஒரு தம்பி இருந்தவன்,” என்றார் பரமலிங்கம் டொச்சில். “காந்தன் என்று பெயர்.”

“என்ன?” அனோஜன் தமிழில் கேட்டான். “ஆரப்பா? ஆர் காந்தன்?”

“பொறு,” என்றார் அவர், கெர்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல். “இவர்தான் முதல் கேட்டவர்.”